பண்டிகைக் காலத்தில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள். சீனர்களின் நிலவுத் திருநாளான மூன்கேக் விழாவில் தொடங்கி சீனப் புத்தாண்டு வரை பண்டிகை நடவடிக்கைகளைத் திட்டமிட்டுத் தரச் சொல்லியிருக்கிறார் பிரின்சிபல். இணையத்தில் தேடினால் வண்ணம் தீட்டும் தாளும் காகித விளக்கும்தான் வருகின்றன. கொடுத்துப் பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறார்கள். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இருவர் மட்டுமே. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அவர்கள் எழுந்து ஓடுவதற்கு நீங்கள் காரணமில்லை. கோட்டுக்குள் வண்ணம் தீட்டுவதும், வெட்டிய துண்டை இடம் பார்த்து ஒட்டுவதும் ஐந்து வயதுப் பிள்ளையின் வேலை. இரண்டு வயதில் காகிதம் என்றால் கிழிப்பதற்கு, பசை என்றால் விரலில் அப்பிக்கொண்டு திறந்து மூடிப் பார்ப்பதற்கு. அப்புறம் என்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். மதியம் பிள்ளைகள் தூங்கும்போது டீச்சர் தரையில் உட்கார்ந்து எட்டு விளக்கையும் தானே ஒட்டி முடித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெயரை எழுதிச் சுவரில் மாட்டுவார். பெற்றோர் படம் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு அது தன் விளக்கு என்றே தெரியாது.

இந்த வயதுக்கு ‘அடுத்த வாரம் தீபாவளி’ என்பதற்குப் பொருள் கிடையாது. அடுத்த வாரம் என்ற ஒன்றே இன்னும் மனதில் உருவாகவில்லை. நரகாசுரன் கதையும் நிலவுக்குப் போன பெண்ணின் கதையும் காத்திருக்கட்டும். நான் சொல்வது இதுதான்: ஒரு பண்டிகைக்கு ஒரு பொருள், அந்தப் பொருளோடு கையால் செய்ய ஒரு வேலை, அதைச் சுற்றி நாலைந்து சொற்கள். அதையே இரண்டு வாரம் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மூன்றாம் நாள் உங்களுக்கு அலுத்துப்போகும். அவர்கள் மூன்றாம் நாள்தான் தைரியமாகக் கையை உள்ளே விடுவார்கள். சிங்கப்பூரில் பாலர்பருவக் கல்வியை மேற்பார்க்கும் இசிடிஏ அமைப்பு, பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கென வைத்திருக்கும் வழிகாட்டி (2011-இல் வந்தது, 2023-இல் புதுப்பித்தார்கள்) பாசமான உறவு, விளையாட்டு, அன்றாட வழக்கம் இவற்றைத்தான் முன்னால் வைக்கிறது. ஆகவே பிரின்சிபலிடம் சொல்ல உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

முதலில் நடைமுறையைப் பார்த்துவிடுவோம். 18 மாதம் முதல் 30 மாதம் வரை எட்டுப் பிள்ளைக்கு ஒரு டீச்சர், அதற்கு மேல் மூன்று வயது வரை பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்பது விதி. எட்டுப் பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து மாவு கொடுத்தால் அன்றைய நாள் முடிந்தது. மூன்று பேர் உங்களோடு இருக்கட்டும், மற்றவர்கள் இன்னொரு டீச்சரின் கண்பார்வையில் வழக்கம்போல் விளையாடட்டும். வருகிறவர் வரலாம், போகிறவர் போகலாம். சிலர் முதல் இரண்டு நாள் தள்ளி நின்று வேடிக்கை மட்டும் பார்ப்பார்கள். பார்ப்பதும் கற்பதுதான், கையைப் பிடித்து மாவுக்குள் அழுத்த வேண்டாம்.

நீங்கள் சொன்ன காலம் அமைப்பாகவே நன்றாக வாய்த்திருக்கிறது. மூன்கேக் விழா, தீபாவளி, கிறிஸ்துமஸ் மூன்றிலும் இருப்பது வெளிச்சம். இரண்டு வயதுக் குழந்தைக்கு இவை மூன்று தனிப் பண்டிகைகள் அல்ல. அதனால் மூன்று லெசன் பிளான் எழுதாமல் ‘இருட்டு, வெளிச்சம்’ என்று ஒன்றை எழுதி, செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை நீட்டுங்கள். மேசைமேல் கறுப்புத் துணியைத் தரைவரை தொங்கவிட்டால் அடியில் ஒரு குகை கிடைக்கும். உள்ளே ஒரு டார்ச் லைட், வண்ணக் கண்ணாடித்தாள் சில. மூன்கேக் விழாவுக்கு அந்தக் குகையில் காகித லாந்தர், தீபாவளிக்கு அகல், டிசம்பரில் நட்சத்திரம். குகை அதேதான், உள்ளே இருக்கும் பொருள் மட்டும் மாறும். புதிதாக வந்தது எது என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். விளக்கை அணைத்து ‘இருட்டு!’, போட்டு ‘வெளிச்சம்!’ என்று ஒரு வாரம் சொல்லுங்கள். பேச்சு வராத குழந்தையும் சுவிட்சைக் காட்டி உங்களைப் பார்க்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதில் நான் கொஞ்சம் கறார். நிஜத் தீ கூடாது என்பது உங்களுக்கே தெரியும். அதற்குப் பதிலாக எல்லாரும் வாங்கும் சின்ன பேட்டரி விளக்குதான் எனக்குக் கவலை. அதன் அடியில் பொத்தான் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துவிடக்கூடியது. மூடி வெறும் நகத்தால் திறக்கிற விளக்கு வகுப்புக்குள் வரவே கூடாது. திருகாணி போட்டு மூடியதை மட்டும் வாங்குங்கள், காலையில் எண்ணி எடுத்து மாலையில் எண்ணி வையுங்கள். இல்லையா, பெரிய டார்ச் ஒன்றே போதும். கம்பி மத்தாப்பைச் சும்மா காட்டலாமே என்று யாராவது சொல்லக்கூடும். 1972-இல் பட்டாசுக்குத் தடை வந்த பிறகும் இங்கே மிஞ்சியிருப்பது அதுதான் என்பதால் அது பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறோம். அதன் நுனிச் சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். டப் டப் என்று சத்தம்தானே வேண்டும்? குமிழித்தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி ஏறி மிதிக்க விடுங்கள்.

தீபாவளிக்கு எனக்குப் பிடித்தது விளக்கைவிட எண்ணெய்க் குளியல். குளிப்பதைப் பற்றி இரண்டு வயதுக் குழந்தைக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சீனப் பிள்ளையோ மலாய்ப் பிள்ளையோ, எல்லாரும் காலையில் குளித்துவிட்டு வந்தவர்கள்தான். ஒரு பெரிய தொட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், முழுக்க நனையக்கூடிய பொம்மைகள், சின்னக் கிண்ணத்தில் துளி எண்ணெய், துண்டு. பொம்மைக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும், தலைக்கு ஊற்ற வேண்டும், துடைக்க வேண்டும், புதுச்சட்டை போட வேண்டும். தலை, கை, கால், வயிறு, ஊற்று, தேய், துடை என்று எத்தனை சொற்கள் தாமாகவே வந்து விழுகின்றன பாருங்கள். வகுப்பிலுள்ள இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. எட்டுப் பேருக்கும் தமிழிலேயே சொல்லுங்கள். வேலை கண்ணெதிரே நடக்கிறது, அதனால் பொருள் புரியாமல் போகாது. அந்த இருவருக்கும் இன்னொன்று நடக்கும்: வீட்டில் பாட்டி பேசுகிற பேச்சு வகுப்பிலும் பேசப்படுகிறது என்று தெரியும். ‘டீச்சர், ஊத்து’ என்று வீட்டுத் தமிழில் கேட்டால் ‘ஊற்று என்று சொல்’ எனத் திருத்தாமல் ஊற்றுங்கள். ஆங்கிலத்தைக் கலந்து பேசினாலும் கவலை வேண்டாம், இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளை அப்படித்தான் பேசும். தண்ணீர் கொஞ்சம்தானே என்று தொட்டியை விட்டு மட்டும் நகராதீர்கள், பின்னால் போனை எடுக்கத் திரும்புவதாக இருந்தாலும் சரி.

கோலத்துக்கு, கடையில் விற்கும் கோலப்பொடி வேண்டாம். பெரும்பாலும் அது கல்லைப் பொடித்தது, மூச்சில் போகும். பச்சரிசி மாவை வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்து, கறுப்புத் தட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள். விரலால் இழுத்தால் கோடு தெரியும். தட்டை ஆட்டினால் அழிந்துவிடும், மறுபடி வரையலாம். அந்த அழிவதில்தான் அவர்களுக்கு ஆனந்தம். புள்ளி வைத்த கோலத்தை எதிர்பார்க்காதீர்கள். வருவது கிறுக்கல்தான், அதுவே எழுத்துக்கு முந்திய நிலை. வறுப்பதற்குக் காரணம் உண்டு. வேகாத மாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம், இவர்களோ எதையும் வாயில் வைத்துப் பார்ப்பவர்கள். உப்பை அள்ளிப்போட்டுச் செய்யும் கைவினை மாவு இந்த வயதுக்குச் சரிப்படாது, அவ்வளவு உப்பு வயிற்றுக்குள் போகக்கூடாது. அகல் செய்ய வேண்டுமென்றால், கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை இல்லையெனில், அதேபோல் வறுத்து ஆறவைத்த கோதுமை மாவைப் பிசைந்தாலே போதும்: ஒரு உருண்டை, நடுவில் கட்டைவிரலால் ஒரு அழுத்து. கை, கால், வாய் நோய் நிலையத்தில் தலைகாட்டினால் மாவு, தண்ணீர் விளையாட்டு எல்லாவற்றையும் உடனே நிறுத்திவிட்டு, பிசைந்த மாவைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

பூவும் அப்படித்தான். லிட்டில் இந்தியாவின் தேக்கா பூக்கடையில் உதிரி மல்லிகையும் செவ்வந்தியும் வாங்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஒரு காலை முழுக்க ஓடும். பூ வாங்கும்போது அரளி கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாமிக்குப் போடும் மாலைகளில் அது சகஜம், ஆனால் செடி முழுக்க நஞ்சு. நார், ஊசி, கம்பி எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். தட்டில் கொட்டி விளையாடக் கடலை, மொச்சை, மணி, ஜிகினா போன்ற சின்னச் சாமான் எதுவும் கூடாது. மூச்சுக்குழலில் மட்டுமல்ல, மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். முறுக்கு கொண்டுவருவதாகப் பெற்றோர் சொன்னால் ஒவ்வாமைப் பட்டியலைப் பாருங்கள்: முறுக்கில் எள் இருக்கும், ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கலாம். கொட்டைப் பருப்பைப் பல நிலையங்கள் உள்ளேயே விடுவதில்லை. மூன்கேக்கும் அதே கணக்குதான்.

கிறிஸ்துமஸில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. குகைக்குள் நட்சத்திரம், ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதைக் கிழித்துத் திறப்பது. பரிசை விடப் பெட்டி முக்கியம் என்பது இந்த வயதுக் குழந்தை இருக்கும் எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். சிவப்பு உடைத் தாத்தாவை வரவழைத்து மடியில் உட்காரவைத்துப் படம் எடுக்கச் சொன்னால் மட்டும் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அழுகிற குழந்தையின் படம் யாருக்கு வேண்டும்? சீனப் புத்தாண்டுச் சிங்க நடனமும் அப்படியே. முரசுச் சத்தமும் இமைக்கிற பெரிய கண்ணும் இரண்டு வயதில் நிஜமான பயம். அட்டைப்பெட்டியில் ஒரு சிங்கத் தலை செய்து, வகுப்பில் சும்மா கிடக்க விடுங்கள். நீங்களே அதைப் போட்டுக் கழற்றி ‘உள்ளே டீச்சர்!’ என்று காட்டுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு நடனக் குழு வந்தாலும், கதவருகே நிற்க விரும்பும் பிள்ளையை அங்கேயே ஒரு டீச்சரோடு நிற்க விடுங்கள்.

ஜனவரி நடுவில் பொங்கல். இங்கே அது பொது விடுமுறை இல்லை, அதனால் பல நிலையங்களில் நழுவிப்போய்விடும். லிட்டில் இந்தியாவில் ஒளியூட்டு இருக்கும், சில ஆண்டுகளில் மாடுகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஆனால் எட்டுப் பொடிசுகளை எம்ஆர்டி ரயிலில் அழைத்துப் போவதைவிட, வாழையிலையையும் மஞ்சள் கொத்தையும் வகுப்புக்குக் கொண்டுவருவது சுலபம். கரும்பைத் தூக்கிப் பார்க்கட்டும், முகரட்டும். கடிக்கக் கொடுக்காதீர்கள், நார் தொண்டையில் சிக்கும்.

பொங்குவதை மட்டும் அவர்கள் பார்த்தே ஆக வேண்டும், அதுதான் அந்தப் பண்டிகையின் உயிர். அடுப்பு இல்லாமல் இப்படிச் செய்யுங்கள். கழுத்து குறுகிய எவர்சில்வர் சொம்பில் கொஞ்சம் தண்ணீர், ஒரு கரண்டி ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். மஞ்சள் சோடாவோடு சேர்ந்து செங்கல் நிறமாகிவிடும். நம் வீட்டில் ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதும் இதே காரணத்தால்தான். சுண்ணாம்பை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள், அது தோலையும் கண்ணையும் அரிக்கும். இப்போது தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாற்றைப் பிள்ளைகள் கரண்டியால் ஒவ்வொருவராக ஊற்றட்டும். நுரை எழும்பி வழியும், நிறம் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும். எல்லாருமாகப் ‘பொங்கலோ பொங்கல்!’ என்று கத்த வேண்டும். கத்துவதற்கு அனுமதி கிடைக்கும் பாடம் இது ஒன்றுதான், அதனால் யாரும் எழுந்து ஓடமாட்டார்கள். குடிக்கும் பொருள் அல்ல, சாறு கண்ணில் பட்டால் எரியும், ஆகவே பக்கத்திலேயே இருங்கள். அன்று வெள்ளைச் சட்டை போட்டு அனுப்ப வேண்டாம் என்று முந்தைய நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். மஞ்சள் கறை போகாது, புகார்தான் வரும்.

சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழத்தை விட்டு வேறெதையும் தேடாதீர்கள். இரண்டு பழத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பது மரபு. இரண்டு வயதுக் குழந்தை கற்க வேண்டிய எண்ணும் அதுதான்: ஒன்று, இன்னொன்று, ‘இரண்டு’. கூடையிலிருந்து இரண்டு எடு, நண்பனிடம் கொடு, வாங்கு. தன் பொருளை அடுத்தவருக்குத் தருவது அந்த வயதில் மலையைப் புரட்டுகிற வேலை. ஆனால் கொடுத்த கையோடு இரண்டு திரும்பக் கிடைக்கும் என்பதால் இங்கே தருவார்கள். அப்புறம் தோலை உரிக்கலாம். நீங்கள் மேலே கொஞ்சம் கிள்ளிவிட்டால் மீதியை அவர்களே உரிப்பார்கள், விரலுக்கு அதைவிடப் பயிற்சி கிடையாது. சுளையில் விதையையும் தடித்த தோலையும் எடுத்து, சின்னதாக நறுக்கிக் கொடுங்கள். அங்பாவ் உறைகள் (அன்பளிப்புப் பணம் வைத்துத் தரும் சிவப்பு உறைகள்) பழையது எத்தனை கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்: திறப்பது, உள்ளே அட்டையைப் போடுவது, எடுப்பது. நாணயம் மட்டும் வேண்டாம். ஒட்டும் அரிசி மாவுப் பலகாரங்களும் இவர்களுக்கு அல்ல.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் நோன்புப் பெருநாளையும் இப்போதே யோசித்துவிடுங்கள். அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால் இப்போது சீனப் புத்தாண்டுக்கு அருகிலேயே வந்து நிற்கிறது. இந்தக் கைகளால் கெத்துப்பாட் (ஓலைக்கூட்டில் வேகவைக்கும் அரிசி உணவு) பின்ன முடியாது. பாண்டான் இலையைக் கசக்கி முகர்வது, அகல ரிப்பனைப் பெரிய ஓட்டைகளில் நுழைத்து இழுப்பது, பாத்திக் துணிக்குள் ஒளிந்து எட்டிப் பார்ப்பது, இவை முடியும்.

மதச் சடங்கு எதையும் விளையாட்டாக்காதீர்கள். கும்பிட வைப்பது, பொட்டு வைப்பது, மருதாணி இடுவது எல்லாம் வீட்டாரைக் கேட்காமல் நடக்கக்கூடாது. உணவு, உடை, விளக்கு, பூ, வாழ்த்து, இவ்வளவே வகுப்புக்குப் போதும். நேரம் போகவில்லை என்று தீபாவளி வீடியோ போட்டுக் காட்டுவதும் வேண்டாம். 18 மாதத்துக்குக் கீழ் திரையே கூடாது, அதற்கு மேல் ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்றுதான் சுகாதார அமைச்சின் அறிவுரை சொல்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் எப்படியும் பார்த்துவிடுவார்கள்.

மிச்சமிருப்பது பெற்றோர். ‘என் பிள்ளை செய்த விளக்கு எங்கே?’ என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். சுவரில் எட்டு ஒரே மாதிரி விளக்குகளுக்குப் பதிலாக, பொம்மைக்குத் தலைக்கு ஊற்றுகிற கையின் படத்தைப் போட்டு, அன்று அந்தப் பிள்ளை சொன்ன சொல்லை அடியில் எழுதுங்கள்: ‘ஊத்து’, ‘ஹாட்’, ‘லாகி’ (மலாயில் ‘இன்னும்’), எந்த மொழியானாலும் அப்படியே. ஒரு சின்னச் சீட்டும் அனுப்புங்கள்: ‘இந்த வாரம் பொம்மையைக் குளிப்பாட்டினோம். வீட்டில் குளிக்கும்போது தலை, கை, கால் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள்’ என்று, அவரவர் வீட்டு மொழிக்கு ஏற்ப மாற்றி. தாத்தா பாட்டி யாராவது அரை மணி நேரம் வர முடியுமா என்றும் அதிலேயே கேளுங்கள். முறுக்கு அச்சோடு வந்து, ஒரு ஓரமாக உட்கார்ந்து மாவைப் பிழிந்துகொண்டிருந்தால் போதும். அவர் எதையும் சொல்லித்தரத் தேவையில்லை, பிள்ளைகள் தாமாகவே நெருங்கி வருவார்கள். நிலையத்துக்குள் வெளியாள் வருவதற்குப் பிரின்சிபலிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதனால் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.